எஸ்.பி. ரோட்டு 40 வாட் லேசர் செட்: எது தேறும், எது தேறாது

பெங்களூரில் வீட்டிலேயே லேசர் கட்டிங் மெஷின் கட்ட நினைக்கும் எவரும் ஒருநாள் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் வந்து நிற்பார்கள். 'லேசர் செட்' என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நீளமான பெட்டியை எடுத்து வைப்பார். உள்ளே பொதுவாக இருப்பவை: லேசர் கதிரை உண்டாக்கும் 700 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடி சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) டியூப், அதற்கான ஹை வோல்டேஜ் பவர் சப்ளை, மூன்று மிரர், மவுண்டுகள், லென்ஸோடு ஒரு ஹெட், மீன்தொட்டி பம்ப் ஒன்று. பிரேம், மோட்டார், கன்ட்ரோலர் எல்லாம் தனி. இந்த விமர்சனம் அந்தப் பெட்டியைப் பற்றியும், அதைச் சுற்றி நாம் கட்ட வேண்டியவை பற்றியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டியூபும் பவர் சப்ளையும் கொடுக்கும் காசுக்குத் தகும். லென்ஸ் பரவாயில்லை. மிரர்கள் தேறாது. பம்பை மீன்தொட்டிக்கே கொடுத்துவிடுங்கள். மெஷின் ஒரு வருஷம் ஓடுமா, ஒரு மாதத்தில் படுத்துவிடுமா என்பது பெட்டியில் வராத இரண்டு சமாச்சாரங்களில்தான் இருக்கிறது: தண்ணீர், எர்த். கடையில் இரண்டைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை.

வாங்கும் முன் ஒரு கேள்வி. மரத்தில் பெயர் பொறிப்பது, 3 மி.மீ. பிளை வெட்டுவது, இவ்வளவுதான் வேலை என்றால் இந்த செட்டே வேண்டாம். 450 நானோமீட்டர் நீல டயோடு லேசர் போதும். அதில் ஹை வோல்டேஜும் இல்லை, குளிர்விக்கத் தண்ணீர் வாளியும் இல்லை. ஆனால் நீல ஒளி நிறமற்ற அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. நீல அக்ரிலிக்கிலும் அதே கதை. சிஓ2 லேசரின் 10.6 மைக்ரான் கதிருக்கு எந்த நிற அக்ரிலிக்கும் ஒன்றுதான். நேம் போர்டு, கொலு செட், கேக் டாப்பர் என்று அக்ரிலிக்கில் இறங்கப் போகிறீர்கள் என்றால் சிஓ2. டயோடு மெஷின் பெட்டியில் '80 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அது உறிஞ்சும் மின்சாரம். 'ஆப்டிகல் பவர்' எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

டியூபிலும் இதே வாட் விளையாட்டு உண்டு. 700 மி.மீ. நீளம், 50 மி.மீ. விட்டம் கொண்ட டியூபை 40 வாட் என்று விற்கிறார்கள். நடைமுறையில் 30க்கும் 35க்கும் நடுவில்தான் வரும். நிஜமான 40 வாட் வேண்டும் என்றால் டியூப் 850 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்துவிடுங்கள், லேபிளைவிட அது நம்பகமானது. அடுத்து லேபிளில் உற்பத்தித் தேதி. சீல் வைத்த டியூபில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் கலவை. அலமாரியில் சும்மா கிடந்தாலும் அது மெல்ல மெல்லக் கெடும். ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். (இந்த லேசரை 1964இல் பெல் லேப்ஸில் உருவாக்கியவர் பாராமதியில் பிறந்த சி. குமார் என். பட்டேல். அந்தக் கலவை அறுபது வருஷமாக அடிப்படையில் மாறவில்லை.)

கடையிலேயே டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், தண்ணீர் ஓடவிட்டு. தண்ணீர் இல்லாமல் 'ஒரே ஒரு செகண்ட்தான் சார்' என்று அடித்துக் காட்டும் கடையில் வாங்க வேண்டாம். அதே டியூபை உங்களுக்கு முன்னால் எத்தனை பேருக்கு அப்படிக் காட்டினாரோ. டியூபின் வாயிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு மரத்துண்டு, 10 மில்லி ஆம்பியர், அரை நொடி. விழும் கருகல் வட்டமாக, நடுவில் ஆழமாக இருக்க வேண்டும். நடு காலியாக வளையம் போல் விழுந்தால் வேண்டாம். எரியும்போது உள்ளே இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறம் தெரிய வேண்டும். வெளிறி வெள்ளையடித்தால் வாயு கெட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கடைக்காரரும் நீங்களும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். சிஓ2 கதிரைச் சாதாரண பாலிகார்பனேட் சேஃப்டி கிளாஸே தடுத்துவிடும். நீல டயோடுக்கு அது உதவாது, அதற்கு ஆரஞ்சு நிறத் தனிக் கண்ணாடி வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

விலை வாரத்துக்கு வாரம் ஆடும், மூன்று கடை ஏறி இறங்குங்கள். டியூபுக்கும் பவர் சப்ளைக்கும் தனித்தனி வரியாக பில் போடச் சொல்லுங்கள். ஒன்று போய்விட்டால் 'செட்டாத்தான் சார் மாத்துவோம்' என்ற பேச்சு எழாது. வழியில் கண்ணாடி உடைந்தால் எந்தக் கடையும் பொறுப்பேற்காது. தெர்மோகோலோடு ஆட்டோவில், மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள். நம் ஊர்ப் பள்ளங்களுக்கு பைக் வேண்டாம்.

இனி தண்ணீர். டியூபுக்குள் 15 மில்லி ஆம்பியர், 15,000 வோல்ட் என்றால் 225 வாட் போகிறது. அதில் ஒளியாக வருவது 30, 35. மீதி சுமார் 190 வாட் சூடாகித் தண்ணீரில் இறங்குகிறது. 20 லிட்டர் வாளியில் இது தொடர்ந்து இறங்கினால் மணிக்கு 8 டிகிரி ஏறும். டியூபுக்கு உகந்தது 15 முதல் 25 டிகிரி. ஏப்ரல் மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீர் வரும்போதே அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். அதனால் பெங்களூரில் 'குளுகுளு ஊர்தானே' என்று சும்மா இருக்க முடியாது. 25ஐத் தாண்டத் தாண்ட வெட்டும் சக்தி இறங்கும், அதைச் சரிக்கட்ட நாம் மில்லி ஆம்பியரை ஏற்றுவோம், சூடு இன்னும் ஏறும். டியூப் இப்படித்தான் சாகிறது.

வீட்டு வழி: மூடியுள்ள, வெளிச்சம் புகாத 20 லிட்டர் வாளி, ஃப்ரீசரில் உறைந்த ஒரு லிட்டர் பாட்டில்கள் நாலு. ஒரு பாட்டில் முழுதாக உருகினால் வாளி சுமார் 5 டிகிரி இறங்கும். பனிக்கட்டியை நேராகப் போடாமல் பாட்டிலோடுதான் போட வேண்டும், இல்லையென்றால் குழாய்த் தண்ணீரின் உப்பு வாளிக்குள் வரும். தினமும் மூன்று நாலு மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் தனிப் பெட்டி. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. சிடபிள்யூ-3000 என்பது ரேடியேட்டரும் ஃபேனும் மட்டும். அறை வெப்பத்துக்குக் கீழே அதனால் இறக்கவே முடியாது. சிடபிள்யூ-5000இல்தான் கம்ப்ரஸர் இருக்கிறது. கடையில் இரண்டுக்கும் 'சில்லர்' என்றே பெயர். முன்னதை ஏப்ரலில் ஓட்டினால் அது 30 டிகிரி தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஜூலை, ஆகஸ்டில் பிரச்சினை தலைகீழ். அறை 25 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 20 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் வியர்க்கும். தண்ணீரை 15க்கு இறக்கி வைத்தால் டியூபின் வாயில் இருக்கும் கண்ணாடியில் பனி பூக்கும், அதன்மேல் லேசர் அடித்தால் கோட்டிங் போகும். மழைக்காலத்தில் 21, 22இல் வையுங்கள்.

தண்ணீர் டிஸ்டில்டாக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரும் வேண்டாம், காவேரியும் வேண்டாம். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஹை வோல்டேஜ் தண்ணீர் வழியாகக் கசிய ஆரம்பித்தால் பவர் சப்ளை முதலில் போகும். கார் கூலன்ட் ஊற்றுவதும் அதே தவறு. பச்சை படிந்தால் தண்ணீரை மாற்றுங்கள், மருந்து தேட வேண்டாம். செட்டோடு வரும் பம்ப் நாள் முழுக்க ஓடத் தாங்காது. நிமிஷத்துக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தரும் பம்ப் வாங்குங்கள். பம்ப் நின்றால் லேசரும் நிற்க வேண்டும். அதற்கு ஃப்ளோ ஸ்விட்ச், டியூபிலிருந்து திரும்பி வரும் குழாயில். வாளியில் மட்டம் பார்க்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் இதற்கு ஆகாது: குழாய் மடங்கிப் போனாலும் வாளி நிறைந்தே இருக்கும்.

டியூபைப் பொருத்தும்போது தண்ணீர் வெளியேறும் மூக்கு மேலே பார்த்திருக்க வேண்டும். கீழே பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ் தங்கும். குமிழ் நிற்கும் இடம் மட்டும் சூடேறி கண்ணாடி விரிசல் விடும். முதல் தடவை தண்ணீர் விட்டதும் டியூபைச் சாய்த்துச் சாய்த்துக் குமிழை வெளியேற்றிவிட்டுத்தான் மின்சாரம். பிடிகள் இரண்டு, நீளத்தில் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும், நடுவில் ரப்பர் வைத்து. திருகை இறுக்கித் தள்ளாதீர்கள்.

அனோடு (ஹை வோல்டேஜ் வரும்) முனையில் சால்டர் வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் கண்ணாடியும் உலோகமும் சேரும் இடம் விரிசல் விடும், வாயு போய்விடும். செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, மேலே சிலிக்கோன் டியூப் மாட்டி, உள்ளே நியூட்ரல் சிலிக்கோன் நிரப்பி, 24 மணி நேரம் காயவிடுங்கள். அந்த முனையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 50 மி.மீ. வெற்றிடம் இருக்கட்டும். நெருக்கினால் ஈரமான நாளில் பிரேமுக்குப் பொறி தாவும், 'டிக் டிக்' என்று காதில் கேட்கும்.

கேத்தோடு (மின்சாரம் திரும்பி வரும்) பக்கத்துக் கம்பியில் 0–30 மில்லி ஆம்பியர் அனலாக் மீட்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். இது செட்டில் வராது. பவரைச் சதவீதக் கணக்கில் மட்டும் வைத்து ஓட்டுபவர்கள், தாங்கள் டியூபுக்குள் எவ்வளவு அனுப்புகிறோம் என்று தெரியாமலே ஓட்டுகிறார்கள். 700 மி.மீ. டியூபுக்கு 15க்கு மேல் வேண்டாம். 18, 20 வரை ஏறும், அங்கே வெட்டும் வேகம் கொஞ்சம்தான் கூடும், ஆயுள் மளமளவென்று குறையும். மீட்டரின் இரண்டு முனைகளையும் மூடிப் போட்டு மறையுங்கள். அந்தக் கம்பி எங்காவது கழன்றால் முழு வோல்டேஜும் மீட்டர் முனைக்கு வந்துவிடும்.

எர்த். வாடகை வீடுகளில் பிளக் பாயின்டின் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்டுக்கு மேல் இல்லை என்றும், எர்த் லோடு தாங்குகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இது சரியில்லாமல் இந்த பவர் சப்ளையை பிளக்கில் செருகவே கூடாது. பிரேம், டியூப் பெட்டி, கதவு எல்லாவற்றையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டு வந்து எர்த் செய்யுங்கள். பெயின்ட் அடித்த இடத்தைச் சுரண்டிவிட்டு. அணைத்த பிறகும் பவர் சப்ளைக்குள் சார்ஜ் நிற்கும். மூடியைத் திறக்கும் வேலையை யாரும் கூட இல்லாத நேரத்தில் செய்யாதீர்கள்.

மிரர் விஷயத்துக்கு வருவோம். செட்டில் வருவது பெரும்பாலும் கே9 கண்ணாடியில் தங்கப் பூச்சு. புகை படிந்து ஒருமுறை அழுத்தித் துடைத்தால் பூச்சு கூடவே வந்துவிடும். சிலிக்கானில் தங்கப் பூச்சு உள்ளது நன்றாகப் பிரதிபலிக்கும், 99 சதவீதத்தை ஒட்டி. மாலிப்டினம் ஒரு சதவீதம் குறைவு, ஆனால் பூச்சே கிடையாது, தேய்ந்து போக ஒன்றுமில்லை. வீட்டில் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) வெட்டுபவர்கள் லேசர் ஹெட்டில் இருக்கும் மூன்றாவது மிரருக்கு மட்டுமாவது மாலிப்டினம் போடுங்கள், புகை அதிகம் அடிப்பது அங்கேதான். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த லென்ஸ் டிஷ்யூவால் ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும்.

லென்ஸ் துத்தநாக செலினைடு, குவியத் தூரம் 50.8 மி.மீ. குவிந்த பக்கம் மேலே, தட்டையான பக்கம் மரத்தைப் பார்த்து. தலைகீழாகப் போட்டாலும் வெட்டும், கோடு மட்டும் தடிக்கும். அதனால் பலர் கவனிப்பதே இல்லை. உடைந்தால் வெறுங்கையால் அள்ளாதீர்கள், தூள் நஞ்சு. சரியான உயரம் கண்டுபிடிக்க, ஒரு மரத்துண்டைச் சாய்த்து வைத்து அதன்மேல் நேர்கோடு போடுங்கள். கோடு எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்துக்கு ஒரு அக்ரிலிக் துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தினசரி அளவுகோல் அதுதான்.

அலைன்மென்டில், அதாவது கதிரை மிரர்கள் வழியே நேராகக் கொண்டு வருவதில், முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: புள்ளியை மிரரின் நடுவுக்குக் கொண்டு வரப் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது வேறு. இரண்டாவது மிரரின் முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, கேன்ட்ரியை (இரண்டாவது மிரரும் ஹெட்டும் உட்கார்ந்திருக்கும் நகரும் சட்டத்தை) டியூபுக்குப் பக்கத்தில் வைத்து 5 மில்லி ஆம்பியரில் ஒரு சின்ன அடி. பிறகு கடைசி எல்லைக்குத் தள்ளி இன்னொரு அடி. தூரத்துப் புள்ளியை, முதல் மிரரின் திருகுகளால், பக்கத்துப் புள்ளியின் மேல் கொண்டு வந்து நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றாகிவிட்டால் கதிர் அந்த அச்சுக்கு இணை. அப்போதும் நடுவில் இல்லையா? திருகைத் தொடாதீர்கள். டியூபின் உயரத்தையோ மிரர் மவுண்டையோ நகர்த்துங்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் இதேதான். முதல் தடவை அரை நாள் பிடிக்கும். அவசரப்பட்டு இதை அரைகுறையாக விட்டால், மேஜையின் ஒரு மூலையில் வெட்டுவது எதிர் மூலையில் வெட்டாது, நீங்கள் டியூபைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பிரேமைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2040 அலுமினியம் புரொஃபைல், நெமா 17 மோட்டார்கள், ஜிடி2 பெல்ட், 20 பல் புல்லி. லேசர் எதையும் முட்டித் தள்ளுவதில்லை, வலு வேண்டாம், மூலைமட்டம் வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும்.

கன்ட்ரோலருக்கு ஆர்டுயினோ யூனோ போர்டும் அதன்மேல் செருகும் சிஎன்சி ஷீல்டும் போட்டு, மோட்டார்களையும் லேசரையும் இயக்கும் ஜிஆர்பிஎல் 1.1 சாஃப்ட்வேரை ஏற்றுவது மலிவான வழி. 1/16 மைக்ரோஸ்டெப்பிங்கில் மேற்சொன்ன புல்லிக்கு $100, $101 (ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்ற செட்டிங்குகள்) இரண்டும் 80. $32=1 போட்டால்தான் லேசர் மோடு. வெட்டும் கோப்பில் லேசரை எரியவிடும் கட்டளை எம்3க்குப் பதில் எம்4 ஆக இருந்தால் மூலைகளில் வேகம் குறையும்போது பவரும் குறையும், மூலை கருகாது. மோட்டாரை ஓட்டும் ஏ4988 டிரைவரில் சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு விரெஃப் (ரெஃபரன்ஸ் வோல்டேஜ்) 0.8 வோல்ட்.

ஷீல்டில் ஒரு சிக்கல். மூன்றாம் பதிப்பு ஷீல்டின் எழுத்துகள் பழைய ஜிஆர்பிஎல்லுக்கு அச்சடித்தவை. லேசர் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் சிக்னல் இப்போது 11ஆம் பின்னில் வருகிறது, ஷீல்டில் அந்த இடத்தில் இசட் எண்ட்ஸ்டாப் என்று போட்டிருக்கும். 'ஸ்பிண்டில் எனேபிள்' என்று எழுதிய இடத்தில் கம்பி கொடுத்துவிட்டு லேசர் வரவில்லை என்று கடைக்குத் திரும்பி வருபவர்கள் ஏராளம்.

அந்த 11ஆம் பின்னிலிருந்து ஒரு சின்ன மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) வழியாக பவர் சப்ளையின் 'எல்' முனையை கிரவுண்டுக்கு இழுங்கள், லேசர் எரிவது அப்போதுதான். பவரின் அளவைத் தீர்மானிக்கும் 'இன்' முனைக்கு ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (திருகும் ரெசிஸ்டர்) கொடுத்து, அதில் உச்ச வரம்பை 15 மில்லி ஆம்பியரில் நிறுத்திவிடுங்கள். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் அதைத் தாண்டாது. மாஸ்ஃபெட்டின் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் ஆர்டுயினோ ரீசெட் ஆகும் அந்தக் கண நேரத்தில் பின் அந்தரத்தில் தொங்கும், லேசர் தானாக அடிக்கும். ஃப்ளோ ஸ்விட்ச்சையும் கதவு ஸ்விட்ச்சையும் சீரியலாக்கி வாட்டர் புரொடெக்ட் முனையில் கொடுங்கள்.

போட்டோ என்கிரேவிங் அதிகம் செய்பவர்களுக்கு யூனோ திணறும். வியாபாரம் என்றால் ரூய்டா கன்ட்ரோலர் போடுங்கள்: வேலையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், நடுவில் யுஎஸ்பி அறுந்தால் 40 நிமிஷ வேலை பாழாகாது.

வெட்டும் வேகம்: 3 மி.மீ. அக்ரிலிக்கும் பாப்லர் பிளையும் 14 மில்லி ஆம்பியரில் நொடிக்கு 10 மி.மீ. சுமாருக்கு ஒரே ஓட்டத்தில் பிரியும். ஜிஆர்பிஎல்லுக்கு இது நிமிஷக் கணக்கில் 600. 10 என்றே அடித்தால் மரம் தீப்பிடிக்கும். பிளை வாங்கும்போது கொதிநீர் தாங்கும் பிடபிள்யூபி கிரேடு வேண்டாம், அதன் ஃபீனால் பசை கரியாகி லேசரை மறிக்கும். எம்ஆர் கிரேடு கேளுங்கள். அக்ரிலிக்கில் காஸ்ட் ரகம் பொறித்தால் வெள்ளையாகத் தெரியும், எக்ஸ்ட்ரூடட் ரகத்தில் எழுத்தே தெரியாது. வெட்டுவதற்கு மட்டும் என்றால் இரண்டாவதே போதும்.

ரெக்சினை 'லெதர்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதில் பிவிசி. வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கும் கேடு, லீனியர் ரெயில் ஒரே வாரத்தில் துரு. சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன்மேல் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். ஜுவாலை பச்சையானால் தொடாதீர்கள்.

புகைக்கு 6 அங்குல இன்லைன் ஃபேன், குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அபார்ட்மென்டில் எம்டிஎஃப் வாடை நேரே மேல்வீட்டு பால்கனிக்குப் போகும், அடுத்த பத்து நிமிஷத்தில் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் ஃபிளாட் நம்பர் வரும். மொட்டைமாடி ஷெட்டோ தனி வீடோ இல்லாதவர்கள் இதை யோசித்துவிட்டு பெட்டியைத் தூக்குங்கள். வெட்டும் இடத்தில் காற்று ஊதும் ஏர் அசிஸ்ட் பம்ப் நின்ற நேரத்தில்தான் அக்ரிலிக் தீப்பிடிக்கிறது. மெஷின் ஓடும்போது டீ குடிக்கப் போகக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

டியூப் ஒருநாள் தளரும். மிரர் சுத்தம், தண்ணீர் 22 டிகிரி, அதே 14 மில்லி ஆம்பியர், ஆனால் பாதி ஆழம்தான் இறங்குகிறது, உள்ளே நிறம் வெளிறியிருக்கிறது என்றால் மாற்ற வேண்டிய நேரம். அப்போது எல்லோருக்கும் 1,000 மி.மீ. நீள 50 வாட் டியூப் மேல் ஆசை வரும். பெட்டி சிறியதாக இருந்தால் டியூபின் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அந்தப் பக்கம்தான் ஹை வோல்டேஜ் முனை. முதல் நாளே டியூப் அறையை 1,100 மி.மீ. நீளத்துக்குக் கட்டிவிடுங்கள். கூடுதலாகப் போவது கொஞ்சம் அலுமினியம்தான்.